கோல்டன்ஐ இசை: முப்பது ஆண்டுகளாகத் தீராத பாண்ட் ரசிகர் சண்டை

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்கள் எதை வைத்து வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள். ஷான் கானரியா ரோஜர் மூரா என்று ஆரம்பித்து எந்தக் கார், எந்த வில்லன், எந்தப் படம் மோசம் என்று போய்க்கொண்டே இருக்கும். பின்னணி இசை என்று வந்துவிட்டால் மட்டும், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் 1995இல் வந்த 'கோல்டன்ஐ' படத்தில்தான் வந்து நிற்கும். இசை பிரெஞ்சுக்காரரான எரிக் செர்ரா. அது பாண்ட் இசையே இல்லை என்கிறது ஒரு தரப்பு. அந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடையாது என்கிறது இன்னொரு தரப்பு. படம் வந்து முப்பது ஆண்டு ஆகியும் இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை.

பாண்ட் வரிசையில் விவாதத்துக்கு உரிய இசை வேறு படங்களிலும் உண்டு. நான் இந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இதில் மட்டும் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு சான்று இருக்கிறது. படத்தின் மிகப்பெரிய துரத்தல் காட்சிக்கு இரண்டு பேர் தனித்தனியாக இசை எழுதினார்கள். ஒன்று படத்திலிருந்து எடுக்கப்பட்டு ஆல்பத்தில் மட்டும் இருக்கிறது. மற்றது படத்தில் ஒலிக்கிறது, அன்றைய ஆல்பத்தில் இல்லை. ஒரே காட்சி, இரண்டு இசை. ரசனையைப் பற்றிப் பேசும்போது இப்படி அடுத்தடுத்து வைத்துக் கேட்டு எடை போடும் வாய்ப்பு அடிக்கடி வராது.

செர்ராவுக்கு முன்னால்

'பாண்ட் இசை' என்று எதைச் சொல்கிறோம்? 1962இல் முதல் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைக்க ஒப்பந்தமானவர் மான்டி நார்மன். கதை ஜமைக்காவில் நடப்பதால் அந்த ஊர்ப் பாணியில் பாட்டுகள் எழுதினார். நாயகனுக்கென்று ஒரு தீம் வேண்டும் என்றபோது, கைவசம் இருந்த ஒரு பழைய மெட்டை எடுத்தார். வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க நினைத்தபோது அவர் எழுதி வைத்திருந்த 'பேட் சைன், குட் சைன்' என்ற பாட்டு அது. டிரினிடாடில் குடியேறிய இந்தியக் குடும்பத்தின் கதை என்பதால் அந்த மெட்டில் ஒரு சிதார் வாடை இருந்தது. நாடகம் மேடை ஏறவில்லை, மெட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. உலகமே முணுமுணுக்கும் பிரிட்டிஷ் உளவாளியின் தீம், தும்மலுக்குச் சகுனம் பார்க்கும் ஒரு இந்திய வம்சாவளிப் பாத்திரத்தின் பாட்டிலிருந்து பிறந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த மெட்டை இன்று நாம் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் பேரி. கிட்டார் வாசித்தவர் விக் ஃப்ளிக். மெட்டு யாருடையது என்ற தகராறு பல காலம் நடந்தது. பேரிதான் எழுதினார் என்ற தொனியில் எழுதிய சண்டே டைம்ஸ் மீது நார்மன் அவதூறு வழக்குப் போட்டார். 2001இல் லண்டனில் அவர் பக்கம் தீர்ப்பாகி 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது. காதுக்கு மட்டும் எதைக் கேட்டாலும் இரண்டு பேருமே தெரிவார்கள். கிட்டார் வரி நார்மனுடையது. அதற்கு அடியில் ஊர்ந்து வரும் பதுங்கலும், அப்புறம் பித்தளை வாத்தியங்கள் ஜாஸ் பாணியில் வெடிக்கும் திமிரும் பேரியின் கைவண்ணம்.

அந்தப் பதுங்கலைக் கர்நாடக இசை தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துவிடலாம். தீம் ஈ மைனரில் இருக்கிறது. ஈ-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் அடியில் ஓடுவது பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். அவ்வளவுதான். அரை அரைச் சுரமாக ஏறி, அதே வழியில் இறங்கி, திரும்பத் திரும்பச் சுற்றும். ஒருவன் மாடிப்படியில் சத்தமில்லாமல் இரண்டு படி ஏறி, நின்று, ஒரு படி இறங்குகிற மாதிரி. இந்தச் சுழல் கேட்டதும் பாண்ட் வந்துவிட்டான் என்று உடம்புக்கே தெரியும்.

இந்தத் தீம் படத்துக்குள்ளேயே ஒரு பாத்திரமாகிவிட்டதற்கு ஒரு இனிய சான்று 1983இல் வந்த 'ஆக்டோபஸி'யில் இருக்கிறது. உதய்பூரில் பாண்ட் வந்து இறங்குகிறார். அங்கே பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். தன்னை அடையாளம் காட்ட அவர் மகுடியில் வாசிப்பது பாண்ட் தீம். பாண்டுக்கே அவருடைய தீம் தெரியும் என்று படம் ஒப்புக்கொள்கிறது. மூர் காலத்துப் படங்களால்தான் அப்படி விளையாட முடிந்தது.

பேரி மொத்தம் பதினோரு பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். 1964இன் 'கோல்ட்ஃபிங்கர்' தொடங்கி அவருக்கென்று ஒரு முறை உருவானது. டைட்டில் பாட்டின் மெட்டையும் அவரே போடுவார். அந்த மெட்டு அப்புறம் படம் முழுக்கப் பின்னணியில் உருமாறிக்கொண்டே வரும். ஷெர்லி பாசி உரக்கப் பாடியது பிறகு ஒரு காட்சியில் மிரட்டலாக வரும், இன்னொன்றில் மெதுவாகக் கசியும். பாண்ட் தீமை அவர் கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்வார். படத்தின் சொந்த மெட்டு ஒன்று, நாயகனின் மெட்டு ஒன்று என்று இரண்டு கயிறுகளையும் ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போவதால் படம் முழுதும் ஒரே குரலில் பேசும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 'கோல்டன்ஐ' கதை இங்கேதான் சிக்குகிறது.

செர்ராவை எதிர்ப்பவர்கள் வழக்கமாக முதலில் எடுக்கும் ஆயுதம் சிந்தசைசர். மின்னணு ஒலி பாண்டுக்கு ஒவ்வாது என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1969இன் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தின் டைட்டில் இசையிலேயே பேரி மூக் சிந்தசைசரைப் பயன்படுத்தினார். அப்போது அது புத்தம் புதிய கருவி. 1977இல் மார்வின் ஹாம்லிஷ் பாண்ட் தீமை டிஸ்கோவாக்கினார். 1981இல் பில் கான்டி ஃபங்க் பாணியைக் கொண்டுவந்தார். 1987இல் 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில் பேரி தன்னுடைய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அடியில் மின்னணுத் தாளத்தை ஓடவிட்டார். பழைமைவாதிகள் கொண்டாடும் ஆளே புதிய கருவிகளை முதலில் தொட்டவர். ஆகவே 'கருவி புதிது' என்ற குற்றச்சாட்டை ஆரம்பத்திலேயே தள்ளிவிடலாம்.

ஆறு வருட மௌனம்

1989இல் 'லைசென்ஸ் டு கில்' வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம் படமே இல்லை. உரிமையாளர்களுக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே சட்டச் சிக்கல். அதற்குள் பெர்லின் சுவர் விழுந்தது, சோவியத் யூனியன் கலைந்தது. பாண்ட் யாரை எதிர்த்து வேலை பார்த்தாரோ அந்த எதிரியே இல்லை. டிமதி டால்டன் விலகினார், பியர்ஸ் பிராஸ்னன் வந்தார். இயக்குநர் மார்ட்டின் கேம்பெல். பாண்டின் மேலதிகாரியான 'எம்' பாத்திரத்தில் முதல் முறையாக ஒரு பெண், ஜூடி டெஞ்ச். அவர் பாண்டை நேருக்கு நேர் பார்த்து, பனிப்போர் காலத்து மிச்சம் நீ என்கிறார். இந்த ஆளுக்கு இனி வேலை உண்டா என்று படமே கேட்கிறது.

இசையிலும் அதே கேள்வி. ஜான் பேரியை அழைத்தார்கள், அவர் வரவில்லை. லுக் பெசோன் படங்களுக்கு, அதாவது 'தி பிக் ப்ளூ', 'நிகிட்டா', 'லியோன்' ஆகியவற்றுக்கு இசையமைத்த செர்ராவிடம் போனார்கள். அடிப்படையில் பேஸ் கிட்டார்காரர். அவருடைய இசையில் மெட்டைவிடச் சூழலுக்கு மதிப்பு அதிகம். உலோகம் உரசும் ஒலி, தூரத்துக் குரல், திடீரென்று நிற்கும் தாளம் இவையெல்லாம் அவர் மொழி. அவரை அழைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. 'லியோன்' படத்தைக் கேட்டவர்களுக்கு 'கோல்டன்ஐ' இசை அதிர்ச்சி தரவே தராது. அவர் தன்னுடைய இசையைத்தான் கொடுத்தார்.

அதே சமயம் டைட்டில் பாட்டு வேறு இடத்தில் தயாரானது. எழுதியவர்கள் யூ2 குழுவின் போனோவும் தி எட்ஜும், பாடியவர் டினா டர்னர். பாண்ட் பாட்டுகளின் வரிசையில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. விரலால் சுண்டும் தந்திகள், நடுவில் புகும் பித்தளை வாத்தியங்கள், டர்னரின் கரகரப்பு எல்லாமே பேரி காலத்தை மதித்துச் செய்தவை. செர்ராவைத் திட்டுபவர்கள்கூட இந்தப் பாட்டைத் தொட மாட்டார்கள்.

ஆனால் பாட்டு முடிந்த பிறகு அந்த மெட்டு படத்தில் மறுபடி வரவில்லை. செர்ராவின் பின்னணி இசைக்கும் டர்னரின் பாட்டுக்கும் எந்த உறவும் கிடையாது. கடைசியில் எழுத்து ஓடும்போது செர்ராவே தன் குரலில் பாடும் 'தி எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் லவ்' வருகிறது. அதற்கும் டைட்டில் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. துரத்தல் காட்சிக்கு வேறொருவர் இசை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படத்தில் இசை நான்கு திசையில் போகிறது. நான் முக்கியமான கோளாறாக நினைப்பது இதைத்தான். இதை ஒரு தனி மனிதரின் ரசனைக் குறைவாகச் சுருக்குவது நியாயம் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்த விதமே அப்படி.

காட்சிகளுக்குள்

கன் பேரல் காட்சியிலிருந்தே சண்டை ஆரம்பம். வெள்ளை வட்டம் திரையைக் கடக்கிறது, பாண்ட் திரும்பிச் சுடுகிறார், ரத்தம் வழிகிறது. 1962 முதல் இந்த இடத்தில் கிட்டாரும் ட்ரம்பெட்டும் எதிர்பார்க்கப்படும். செர்ரா டிம்பனி முரசுகளையும் மின்னணுத் துடிப்பையும் வைத்தார். தீமின் நிழல் அதில் தெரிகிறது, ஆனால் முகம் தெரியவில்லை. ஆறு வருடம் காத்திருந்து அரங்குக்குள் வந்த ரசிகருக்கு இது வயிற்றில் குத்தியது போல இருந்திருக்கும். எனக்கு அந்தத் துடிப்பு பிடிக்கும். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் ஒரு புதிய நடிகரை உலகுக்கு அறிமுகப்படுத்தும் நிமிடம் என்பதால் அங்கே கிட்டார் வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மொனாக்கோ மலைப்பாதையில் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினும் வில்லன் பக்கத்துப் பெண் ஜீனியாவின் ஃபெராரியும் போட்டி போடும் காட்சியை யாராலும் காப்பாற்ற முடியாது. ஆல்பத்தில் 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' என்று வரும் அந்த இசை துள்ளலாக இருக்க முயல்கிறது, ஆனால் காட்சியின் வேகமும் அதன் வேகமும் ஒட்டவே இல்லை. கார் விளம்பரத்துக்குப் போட்டது போல இருக்கிறது. செர்ரா ரசிகர்களும் இங்கே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இனி அடுத்த பக்கம். செவெர்னாயா என்ற பனிப்பிரதேசக் கண்காணிப்பு நிலையம். வில்லன் கூட்டம் எல்லோரையும் கொன்றுவிடுகிறது. நடால்யா என்ற கணினிப் பொறியாளர் மட்டும் உயிரோடு எழுந்து, இடிந்த கட்டடத்துக்குள் செத்துக் கிடக்கும் சக ஊழியர்களுக்கு நடுவே நடக்கிறாள். பாண்ட் அந்த இடத்தில் இல்லை. செர்ரா அங்கே தந்திகளையும் மனிதக் குரல்களையும் கொண்டுவந்து ஒரு ரஷ்ய இரங்கற்பா போல எழுதியிருக்கிறார். பாண்ட் படங்களில் சாதாரண ஊழியர்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே இசை அவர்களுக்காக அழுகிறது. இந்த வரிசையில் இதற்கு முன்னால் இப்படி ஒரு இரங்கல் எனக்குக் கேட்டதில்லை.

அப்புறம் சிலைப் பூங்கா. இரவு, மூடுபனி. உடைந்த லெனின்களும் பிடுங்கப்பட்ட அரிவாள் சுத்தியல்களும் தரையில் கிடக்கின்றன. செத்துவிட்டதாக பாண்ட் நம்பிய நண்பர் அலெக் ட்ரெவெல்யன் இருட்டிலிருந்து வெளியே வருகிறார். அந்தக் காட்சியில் பேரியின் பித்தளை முழக்கம் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கெட்டுப் போயிருக்கும். செர்ரா கொடுத்தது கிசுகிசுப்பும் உலோக ஒலியும் நீண்ட வெறுமையும். ஒரு பேரரசு பழைய இரும்பாகக் கிடக்கும் இடத்துக்குப் பழைய இரும்பின் ஒலி. படத்தின் கருவை இயக்குநர் எவ்வளவு புரிந்துகொண்டாரோ அவ்வளவு செர்ராவும் புரிந்துகொண்டார் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

இப்போது டாங்க். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தெருக்களில் வில்லன் பக்கத்து ஜெனரல் ஊருமோவ் நடால்யாவைக் காரில் கடத்திக்கொண்டு போகிறார். பாண்ட் ஒரு ராணுவ டாங்கைத் திருடிக்கொண்டு துரத்துகிறார். சுவர்கள் உடைகின்றன, போலீஸ் கார்கள் நசுங்குகின்றன, குதிரை வீரன் சிலை ஒன்று டாங்கின் தலையில் உட்கார்ந்துகொண்டு ஊர்வலம் வருகிறது. உள்ளே பிராஸ்னன் டையைச் சரி செய்துகொள்கிறார். இந்த அபத்தத்தையும் நேர்த்தியையும் ஒருசேரத் தாங்கத் தெரிந்த நாயகன் உலக சினிமாவில் பாண்ட் ஒருவர்தான்.

செர்ரா இதற்கு எழுதியது ஆல்பத்தில் 'எ ப்ளெசன்ட் டிரைவ் இன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்' என்ற பெயரில் இருக்கிறது. இயந்திரத் தாளம், சாம்பிள் செய்த ஒலித் துண்டுகள், அழுத்தமான பேஸ். தனியாகக் கேட்டால் ரசிக்கக்கூடிய பகுதிதான். அதைக் காட்சியோடு ஓடவிட்டால் ஒன்று புரியும். இசை டாங்கைப் பற்றிப் பேசுகிறது. கனமான, எதையும் பொருட்படுத்தாத ஒரு இரும்பு மிருகத்தின் இசை அது. உள்ளே உட்கார்ந்து டையைச் சரி செய்யும் ஆளைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு, செர்ராவின் ஆர்க்கெஸ்ட்ரா வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜான் ஆல்ட்மனிடம் அந்தக் காட்சியைக் கொடுத்தார்கள். அவர் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு, பாண்ட் தீமையே மையமாக வைத்து எழுதினார். படத்தில் நாம் கேட்பது அதுதான். டாங்க் தெருவில் இறங்கியதும் பித்தளை வாத்தியங்கள் எழும்புகின்றன. பல அரங்குகளில் விசில் பறந்தது அந்த நிமிடத்தில்தான் இருந்திருக்கும். படம் தொடங்கி வெகு நேரமாகப் பார்வையாளர்கள் கேட்காமலே காத்திருந்த ஒன்று அங்கே வந்து சேர்கிறது.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது எனக்குப் பட்டது இது. பாண்ட் இசைக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஊரையும் காலத்தையும் ஆபத்தையும் உணரவைப்பது ஒன்று. இந்த ஆள் எதற்கும் அசர மாட்டான் என்று பார்ப்பவரின் கையைப் பிடித்துச் சொல்வது இன்னொன்று. முதல் வேலையில் செர்ரா பேரிக்கே சவால் விடும் அளவுக்கு நின்றார். இரண்டாவது வேலையை அவர் செய்யவே இல்லை. செய்ய விரும்பவில்லை என்றும் தோன்றுகிறது. ஆல்ட்மனின் சில நிமிடங்கள் இரண்டாவது வேலையை முழுமையாகச் செய்கின்றன. டாங்க் காட்சிக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. அதனால் அந்த மாற்றம் சரியான முடிவு. ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு செர்ராவின் மொத்த இசையும் தோல்வி என்று சொல்வது தப்பு. சிலைப் பூங்காவுக்கு ஆல்ட்மனின் இசையைப் போட்டுப் பாருங்கள், அந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்று தெரியும்.

யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்

ரசிகர்களின் வயதைக் கேட்டால் பாதி விவாதம் விளங்கிவிடும். கானரி, மூர் படங்களோடு வளர்ந்தவர்களுக்குப் பேரி என்றால் அது வெறும் இசை இல்லை, அந்த உலகத்தின் வாசல். வாசல் திறக்காவிட்டால் உள்ளே போன மாதிரியே இருக்காது. அவர்களுடைய கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல நடிகர்கள், பல இயக்குநர்கள், பல அரசியல் காலங்கள் மாறிய ஒரு வரிசையில் மாறாமல் இருக்கும் சில விஷயங்களில் அந்த ஒலியும் ஒன்று. பாண்டின் முகம் மாறலாம், ஒலியும் சேர்ந்து மாறினால் இது அதே ஆள்தான் என்று எதை வைத்து நம்புவது?

அடுத்த தலைமுறை 'கோல்டன்ஐ'க்குள் வேறு வழியில் நுழைந்தது. 1997இல் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64 கருவிக்காகச் செய்த 'கோல்டன்ஐ 007' விளையாட்டு எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கு இசையமைத்த கிரீம் நார்கேட், கிராண்ட் கிர்க்ஹோப் ஆகியோர் செர்ராவின் உலோகத் தட்டல்களையும் இருண்ட பேஸையும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே செர்ரா செய்யாத ஒன்றையும் செய்தார்கள். பாண்ட் தீமைத் தாராளமாக அதன் மேல் ஓடவிட்டார்கள். அந்த விளையாட்டோடு மாலை முழுக்கக் கழித்த பிள்ளைகளின் காதில் 'செர்ரா ஒலி' என்பதும் 'பாண்ட் ஒலி' என்பதும் ஒன்றாகவே பதிந்துவிட்டது. அவர்கள் பெரியவர்களாகி படத்தைப் பார்க்கும்போது, இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள். இசையை நாம் முதலில் எங்கே கேட்டோம் என்பது அதன் மதிப்பைத் தீர்மானித்துவிடுகிறது. எதிர்ப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

சொல்லப்போனால் விளையாட்டின் இசையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. செர்ராவின் ஒலியும் நார்மனின் மெட்டும் பகை இல்லை. இரண்டையும் சேர்க்க முடியும். ஒரு சின்ன கார்ட்ரிட்ஜின் குறைந்த நினைவகத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டினார்கள்.

அதன் பிறகு நடந்தவை

அடுத்த படத்துக்கு டேவிட் ஆர்னால்ட் வந்தார். பழைய பாண்ட் பாட்டுகளை அன்றைய பாடகர்களை வைத்துப் புதுப்பித்து ஆல்பம் போட்டவர், பேரியே சிபாரிசு செய்தவர். 1997இன் 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் பித்தளை வாத்தியமும் இருக்கும், நடன அரங்கின் மின்னணுத் தாளமும் இருக்கும். ரசிகர்கள் மூச்சு விட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் தீம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. செர்ராவிடம் கிடைக்காத பசிக்குத் திகட்டத் திகட்டப் பரிமாறினார்கள். பாட்டு விஷயத்திலும் பழைய சிக்கல் தீரவில்லை. ஆர்னால்ட் தன் பின்னணி இசையோடு பிணைத்து எழுதிய 'சரண்டர்' என்ற பாட்டு, கே. டி. லாங் பாடியது, படத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டது. டைட்டிலில் ஷெரில் க்ரோவின் வேறொரு பாட்டு வந்தது.

2006இன் 'கேசினோ ராயல்'தான் இந்த வழக்கின் உண்மையான மேல்முறையீடு. இயக்குநர் அதே மார்ட்டின் கேம்பெல். மறுபடியும் ஒரு புதிய நடிகர், டேனியல் கிரெய்க். மறுபடியும் முதலிலிருந்து தொடக்கம். பாண்ட் தீம் படத்தின் பெரும்பகுதியில் மறுபடியும் முழுதாக வராது. 'கோல்டன்ஐ'யில் நடந்த அதே விஷயம், ஆனால் இந்த முறை திட்டத்தோடு. இவன் இன்னும் பாண்டாக ஆகவில்லை, அதனால் அவனுக்கு அந்த மெட்டு கிடையாது என்று முடிவு செய்தார்கள். அதன் இடத்தில் கிறிஸ் கார்னெல் பாடிய டைட்டில் பாட்டின் மெட்டு வேலை செய்கிறது. அந்தப் பாட்டை ஆர்னால்டும் கார்னெலும் சேர்ந்து எழுதியதால்தான் இது சாத்தியமானது. தீமின் சிறு துண்டுகள் அங்கங்கே எட்டிப் பார்க்கும், உடனே மறையும். கடைசிக் காட்சியில், ஏரிக்கரை வீட்டின் வாசலில், காலில் குண்டு பட்டு ஊர்ந்து வரும் ஆளின் முன்னால் நின்று அவர் தன் பெயரைச் சொல்கிறார். அப்போதுதான் கிட்டார் முழுசாக வருகிறது.

'கோல்டன்ஐ'யில் தீமைக் காணாமல் கொதித்த அதே ரசிகர்கள் 'கேசினோ ராயல்' இசையைக் கொண்டாடினார்கள். ஆக, அவர்கள் கேட்டது தீம் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை அல்ல. காக்க வைத்தால் காரணம் இருக்க வேண்டும், கடைசியில் கொடுக்கவும் வேண்டும். செர்ராவின் இசையில் காத்திருப்பு இருந்தது. கொடுத்தது மட்டும் வேறொருவர் கை, அதுவும் படத்தின் நடுவில் எங்கேயோ.

கிரெய்க் காலத்தின் பிந்தைய படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஸ்கைஃபால்' (2012), 'ஸ்பெக்டர்' (2015) இரண்டுக்கும் தாமஸ் நியூமன். முதலாவது பாஃப்டா விருது பெற்றது. அதில் அடீலின் ஆஸ்கர் வாங்கிய பாட்டு மெட்டு, மக்காவ் கேசினோவுக்குப் படகில் போகும்போது ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அவ்வளவு அருமையான மெட்டை அப்படியே விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 'ஸ்பெக்டர்' தன் முந்தைய படத்தின் இசைப் பகுதிகளையே திரும்பப் பயன்படுத்தியது, அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. 'நோ டைம் டு டை' (2021) படத்துக்கு முதலில் அமர்த்தப்பட்ட டான் ரோமர் விலக, ஹான்ஸ் ஸிம்மர் வந்தார். அவர் 1969 படத்துக்குப் பேரி போட்ட காதல் பாட்டின் மெட்டை எடுத்து வைத்து, லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் குரலிலேயே படத்தை முடிக்க விட்டார். அதைக் கேட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். அதே சமயம் ஒரு சங்கடமும் உண்டு. படத்தின் மிக உருக்கமான இடத்துக்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெட்டைத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. நாளைக்கு யாராவது கடன் வாங்கக்கூடிய மெட்டு இந்தப் படங்களில் இருக்கிறதா? பில்லி ஐலிஷின் டைட்டில் பாட்டு ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது. அதன் மெட்டை ஸிம்மர் பின்னணியிலும் பின்னியிருக்கிறார், அந்த விஷயத்தில் பேரியின் வழிக்குப் பக்கத்தில் வந்தார்.

2025இல் இந்த வரிசையின் படைப்பு சார்ந்த கட்டுப்பாடு அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்திடம் போனது. அடுத்த படத்தை இயக்கப்போவது டெனி வில்நெவ் என்று அறிவித்தார்கள். சூழலை ஒலியால் எழுப்பும் இசையமைப்பாளர்களோடு வேலை செய்து பழகியவர் அவர். யோஹான் யோஹான்சனோடும் ஸிம்மரோடும் அவர் செய்த படங்களைக் கேட்டவர்களுக்கு, 'கோல்டன்ஐ' சிலைப் பூங்காவின் ஒலி எவ்வளவு முன்னதாகவே வந்துவிட்டது என்று தெரியும். இன்றைக்கு அதே இசை வந்திருந்தால் யாரும் இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார்கள். அந்த வகையில் காலம் செர்ரா பக்கம் சாய்ந்திருக்கிறது. டாங்க் காட்சியின் தீர்ப்பு மட்டும் 1995இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ரசிகர்கள் இப்போதே இசையமைப்பாளர் யார் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் பெயர் எதுவும் இல்லை. யார் வந்தாலும், டைட்டில் பாட்டுக்கு மெட்டுப் போடும்போது அவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். பாட்டைத் தனியாக ஒருவரிடமும் பின்னணியைத் தனியாக இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மூன்றாவது ஆளைக் கூப்பிடும் வேலை மறுபடி நடக்கக் கூடாது.